பாத்டப் வாங்க முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய குளியலறையை உடைத்துத் திருத்துகிறவர்கள் அனேகமாக டப்பின் வடிவத்தில்தான் தொடங்குகிறார்கள். முட்டை வடிவமா, நீள்சதுரமா, மூலைக்குரியதா என்று படம் பார்த்து முடிவெடுத்த பிறகுதான் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வரும், அது எங்கே போய்ச் சேரும், விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கப்போவது யார். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், அங்கே நிற்கும் பத்து டப்பில் எட்டு தானாகக் கழிந்துவிடும்.

வரும் தண்ணீர்

1,500 மில்லிமீற்றர் நீளமான சாதாரண டப், மேலே உள்ள வழிந்தோடும் துவாரம் வரைக்கும் ஏறக்குறைய 130 முதல் 170 லீற்றர் பிடிக்கும். 1,700 மில்லிமீற்றர் டப்புக்கு 180 முதல் 220 லீற்றர். நடுவில் தனியே நிற்கும் பெரிய முட்டை வடிவங்கள் 250ஐத் தாண்டும், மூலை டப் 300ஐயும் தொடும். பெட்டியில் எழுதியிருப்பது ஆள் இல்லாத கணக்கு. நடுத்தர உடம்புள்ள ஒருவர் இறங்கினால் 50 லீற்றருக்குரிய இடத்தை உடம்பே பிடித்துக்கொள்ளும். ஆகவே 160 லீற்றர் டப்புக்கு 110 லீற்றர் திறந்தால் போதும்.

டப் வரப்போகும் இடத்துக்குக் கிட்ட இருக்கும் குழாயை முழுதாகத் திறந்து, 10 லீற்றர் வாளி ஒன்றைப் பிடித்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் டப்புக்கு 11 நிமிடம். இரண்டு நிமிடம் எடுத்தால் 22 நிமிடம். அதற்குள் கிணற்றடியில் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

வேகம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் தாங்கியின் உயரம். தண்ணீர் 10 மீற்றர் உயரத்தில் நின்றால்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். டப்பின் குழாய் வாயிலிருந்து 4 மீற்றர் மேலே தாங்கி இருந்தால் அழுத்தம் 0.4 பார் மட்டுமே. கடையில் பளபளக்கும் மிக்சர் குழாய்கள் பல 1 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. அவற்றை இந்த அழுத்தத்தில் பூட்டினால் நூல் மாதிரித்தான் ஊற்றும். குறைந்த அழுத்தத்துக்குரிய குழாயா என்று கேட்டு வாங்குங்கள். தாங்கியிலிருந்து டப்புக்கு மட்டும் முக்கால் அங்குலக் குழாய் ஒன்றைத் தனியாக இழுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். அரை அங்குலக் குழாயில் பேசினையும் கொமட்டையும் டப்பையும் சேர்த்துக் கொடுத்தால், யாராவது கொமட்டில் தண்ணீர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் டப்பில் ஊற்றுவது சுருங்கிவிடும்.

சுடுதண்ணீர் வருடத்தில் எத்தனை நாள் வேண்டும் என்பதையும் பாருங்கள். சித்திரை வெயிலில் பின்னேரத்தில் தாங்கித் தண்ணீரே உடம்பைச் சுடும். மார்கழி, தை விடியலுக்கும், கை கால் உளைவு உள்ள பெரியவர்களுக்கும்தான் ஹீற்றர் தேவைப்படும். குளியலறைச் சுவரில் மாட்டும் 3.5 கிலோவாற் உடனடி ஹீற்றர், 27 பாகைத் தண்ணீரை 38 பாகைக்குக் கொண்டுவரும்போது நிமிடத்துக்கு நாலரை லீற்றர்தான் தரும். 110 லீற்றருக்கு 24 நிமிடம். தலைக்கு ஊற்றிக் குளிக்க அது போதும், டப் நிரப்ப உதவாது. 50 லீற்றர் சேமிப்பு ஹீற்றர் 60 பாகையில் இருந்தால், பச்சைத் தண்ணீர் கலந்து கணக்குப்படி 150 லீற்றர் இளஞ்சூட்டு நீர் ஆகும். உள்ளே வரும் குளிர்நீர் சூட்டைக் குறைத்துவிடும் என்பதால் 110 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்புக்கு அது சரி. அடுத்த ஆள் மீண்டும் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும்.

நீர் வழங்கல் சபையின் இணைப்பு உள்ளவர்களுக்கு ஓர் அலகு என்பது 1,000 லீற்றர். வாளிக் குளிப்பு 40 முதல் 60 லீற்றரில் முடியும். தினமும் டப் என்றால் ஆளுக்கு மாதம் ஒன்றரை முதல் இரண்டு அலகு கூடும். பாவனை ஏற ஏற அலகின் விலையும் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

போகும் தண்ணீர்

இந்த மாவட்டங்களில் டப்பில் பிழை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், கடைக்காரர் ஒருவரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எழுவான்கரை மணல் நிலம். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கீழே கல்முனை வரை கோடையில் எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். கார்த்திகையில் மழை பிடித்தால் நிலத்தடி நீர் மேலே வந்து, உறிஞ்சு குழியே கிணறு மாதிரி நிரம்பி நிற்கும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் களி கலந்த வயல் மண் என்றால் மழை இல்லாத காலத்திலும் மெதுவாகத்தான் உறிஞ்சும். வாளிக் குளிப்பின் தண்ணீர் பத்து நிமிடத்தில் சிறுகச் சிறுகப் போகும். டப்பின் அடைப்பைப் பிடுங்கினால் 110 லீற்றர் மூன்று நான்கு நிமிடத்தில் ஒரேயடியாகப் போய் விழும். குழி ஏற்காவிட்டால் அது தரைத் துவாரத்தின் வழியாகச் சவர்க்கார நுரையோடு திரும்பி வந்து குளியலறையில் நிற்கும்.

பரீட்சிப்பது லேசு. மாரி காலத்தில் ஒரு நாள், பன்னிரண்டு வாளி தண்ணீரை நிறைத்து வைத்து, ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைத் துவாரத்தில் ஊற்றுங்கள். தங்காமல் போனால் டப்பைப் பற்றி யோசிக்கலாம். தங்கினால் முதல் செலவு வெளியே, முற்றத்தில்.

டப்பின் தண்ணீரை மலக்குழிக்குள் விடவே கூடாது. ஒரேயடியாக வரும் தண்ணீர் உள்ளே அடங்கிக் கிடக்கும் கசடைக் கலக்கி வெளியே தள்ளும், சவர்க்காரம் கசடை உக்கவைக்கும் கிருமிகளைக் கெடுக்கும். தனி வழி வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் வளவில் ஆழமான குழியை விட, ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் நீளமாக வெட்டிச் சல்லிக்கல் நிரப்பிய வாய்க்கால் நன்றாக வேலை செய்யும். வாழைக்கும் தென்னைக்கும் குளித்த தண்ணீரை விடுகிற பழைய வழக்கத்தோடும் அது ஒத்துப்போகும். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும், பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள்.

டப்பிலிருந்து வெளியே போகும் குழாய் 50 மில்லிமீற்றராக இருப்பது நல்லது. 40 போதும் என்பார்கள், போதும்தான். எண்ணெய் முழுக்கும் சீயாக்காயும் உள்ள வீட்டில் அது சீக்கிரம் அடைக்கும். சரிவு மீற்றருக்கு ஓர் அங்குலம். டப்பின் அடியில் வளைந்த நீரடைப்பில் குறைந்தது 2 அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். வாரக்கணக்கில் பாவிக்காத டப்பில் அந்தத் தண்ணீர் வற்றிப்போய், நாற்றமும் கரப்பானும் மேலே வரும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்காக மட்டும் டப் வைத்திருக்கும் வீடுகளில் இதுதான் வழக்கமான முறைப்பாடு. வாரம் ஒருமுறை ஒரு பேணி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

5 அடிச் சுவருக்குள் 5 அடி இல்லை

இங்குள்ள வீடுகளில் 5க்கு 7 அடி, 6க்கு 8 அடிக் குளியலறைகள்தான் அதிகம். 5 அடி என்பது 1,524 மில்லிமீற்றர். 1,500 டப் உள்ளே போய் இரண்டு விரல் இடைவெளியும் மிஞ்சும் என்று தோன்றும். அந்த 5 அடி கல்லுக்குக் கல் அளந்தது. பக்கத்துக்கு 15 மில்லிமீற்றர் சாந்துப் பூச்சு, அதற்கு மேல் டைலும் பசையும் 13 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் சேர்த்து 56 போய்விடும். மிச்சம் 1,468. டப் உள்ளே இறங்காது.

டைல் ஒட்டிய பிறகு டப் வந்திறங்கினால் இரண்டே வழி: சுவரைக் கொத்துவது அல்லது டப்பைத் திருப்பி அனுப்புவது. ஆகவே மூன்று சுவருக்குள் பொருத்தும் டப் என்றால், பழைய டைலையும் பூச்சையும் கல் வரைக்கும் உரித்த பிறகு அளவெடுங்கள். தரையில் ஒன்று, டப்பின் விளிம்பு உயரத்தில் ஒன்று, பின்சுவருக்குக் கிட்ட ஒன்று என்று மூன்று இடத்தில் அளந்து சிறியதை வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை குறுக்காகவும் அளந்து பாருங்கள். பழைய சுவர்கள் மூலைமட்டத்துக்கு நிற்பதில்லை. டப்பை முதலில் இருத்தி, பூச்சையும் டைலையும் அதன் விளிம்புக்கு மேல் வந்து இறங்கும்படி முடிப்பதே முறை. அப்போது சுவரில் வழியும் தண்ணீர் டப்புக்குள் விழும், பின்னால் போகாது.

கதவையும் அளவுங்கள். இரண்டரை அடி நிலைக்குள் 700 மில்லிமீற்றர் அகல டப்பைச் சரித்துக் கொண்டுபோகலாம், 800 அகலம் தடுமாறும். நடையில் ஒரு திருப்பம் இருந்தால் 1,700 நீளம் திரும்புமா என்று அதே நீளத்தில் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

வகைகள்

மூன்று சுவருக்குள் அடங்கும் டப்தான் எங்கள் முதல் சிபாரிசு. இடம் மிச்சம், தண்ணீர் குறைவு, மேலே ஷவர் வைத்தால் தினமும் நின்று குளிக்கவும் உதவும். முன்பக்க மறைப்போடு வரும் டப்புகளில் இடதுகை, வலதுகை என்று இரண்டு உண்டு. டப்பின் மறைப்பைப் பார்த்தபடி வெளியே நில்லுங்கள். தண்ணீர்த் துவாரம் எந்தக் கைப் பக்கம் வருகிறதோ அந்தக் கை. மாறி வாங்கியவர்கள் குழாயை எல்லாம் மறுசுவருக்கு மாற்ற வேண்டி வரும்.

தனியே நிற்கும் டப்புக்கு நான்கு புறமும் கை போகிற இடம் வேண்டும். தும்புத்தடி நுழையாத முடுக்கு விட்டால் அங்கே பாசியும் பூரானும் குடியிருக்கும். சுவரிலிருந்து குறைந்தது 6 அங்குலம் என்பது எங்கள் கணக்கு. இதன் தண்ணீர்த் துவாரம் நேரே அடியில் இருப்பதால், நீரடைப்பை இருத்தத் தரையை 4 முதல் 6 அங்குலம் தாழ்த்த வேண்டும். நிலமாடியில் தரையைக் கொத்தி முடித்துவிடலாம். மேல்மாடியில் கொங்கிரீட் தட்டு தாழ்த்திப் போடப்படாவிட்டால், மேடை கட்டி அதன்மேல்தான் வைக்க வேண்டும். பாசிக்குடா, அறுகம்பே விருந்தினர் விடுதிகளுக்கு இந்த வகை பொருந்தும். 5க்கு 7 அறைக்குள் இதை வைப்பது கட்டிலுக்குள் கட்டில் போடுவது மாதிரி.

மூலை டப் இடத்தை மிச்சப்படுத்தும் என்ற நினைப்பு பிழை. 1,300 சதுரத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு, அதிகமாகத் தண்ணீரும் குடிக்கும். நீர்ச்சுழல் டப்பை உவர் கலந்த கிணற்றுத் தண்ணீரில் ஓட்டினால் உள்குழாய்களில் சுண்ணாம்பு படிந்து வாய்கள் அடைத்துவிடும். சபைத் தண்ணீர் உள்ள வீட்டில் மட்டும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சோடும் ஒழுங்கான புவித்தொடுப்போடும் வைக்கலாம்.

மேசனைக் கொண்டு கட்டுவித்து டைல் ஒட்டும் தொட்டியைப் பலர் மலிவான வழி என்று நினைக்கிறார்கள். சுவர் நேராக நிற்பதால் தண்ணீர் அதிகம் வேண்டும்: உள்ளே நாலரை அடிக்கு 2 அடி, 14 அங்குல ஆழம் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 300 லீற்றர். முதுகுப் பக்கத்தைச் சரித்துக் கட்டினால் 40, 50 லீற்றர் குறையும், சாயவும் வசதி. ஆற்று மணலும் நல்ல தண்ணீரும் பாவியுங்கள். கழுவாத கடல் மணலோ உவர்த் தண்ணீரோ கலந்தால் உள்ளே கம்பி கறள் பிடிக்கும், டைல் இடைவெளிகளில் வெள்ளை உப்புப் பூக்கும். பூச்சு சீமெந்து 1க்கு மணல் 3, நீர்க்கசிவுத் தடுப்பு மருந்து கலந்து, ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்த பிறகுதான் டைல். இதை நிலமாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மாடியின் பாரம்

1,700க்கு 700 அக்ரிலிக் டப் 40 கிலோ, தண்ணீர் 150, ஆள் 70. மொத்தம் 260 கிலோ, 1.2 சதுர மீற்றரில் நிற்கிறது. சதுர மீற்றருக்கு 215 கிலோவுக்கு மேல். வீட்டுக் கொங்கிரீட் தட்டுகள் வழக்கமாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோவுக்குக் கணக்கிடப்படும். அறை முழுவதும் அப்படி நிரம்பாததால் நல்ல தட்டு இதைத் தாங்கும். டப்பே 150 கிலோ வரும் வார்ப்பிரும்பு என்றால் பொறியியலாளர் ஒருவர் தட்டையும் வளையையும் பார்க்காமல் ஏற்ற வேண்டாம்.

பொருளைக் கண்டுபிடிப்பது

கடையில் அக்ரிலிக் என்று சொல்லி, மெல்லிய பூச்சுப் பூசிய பைபர்கிளாஸ் டப்பையும் விற்பார்கள். குழாய்க்கு வெட்டிய துவாரத்தின் ஓரத்தைப் பாருங்கள். அக்ரிலிக் என்றால் மேலிருந்து சில மில்லிமீற்றர் தடிப்பு முழுவதும் ஒரே நிறம், அதன் கீழேதான் நார் தெரியும். பூச்சு என்றால் தாளளவு வெள்ளை, உடனே நார். பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே ஏறி, நடுவில் குதிக்காலை ஊன்றுங்கள். அமுங்கிக் கிரீச்சிட்டால் விட்டுவிடுங்கள். அமுங்கும் அடித்தளம் தண்ணீர்த் துவாரத்தைச் சுற்றித்தான் முதலில் வெடிக்கும். காந்தம் ஒட்டினால் எனாமல் பூசிய ஸ்டீல் அல்லது வார்ப்பிரும்பு. கடற்கரை ஊர்களில் எனாமல் ஓரிடத்தில் கொத்துப்பட்டாலே உப்புக் காற்று அங்கிருந்து கறளைப் பரப்பும். பாத்திரம், வாளி எல்லாம் விழும் வீட்டுக்கு அது ஆகாது.

அக்ரிலிக்குக்கு எதிரிகள் வேறு. தேங்காய்த் தும்பும் தூளும் போட்டுத் தேய்த்தால் ஒரு வருடத்தில் பளபளப்புப் போய் அழுக்குப் பிடிக்கும். மெல்லிய துணியும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். பெயின்ற் அடிக்கிறவர் தின்னர் துணியை டப்பின் விளிம்பில் வைத்தால் அந்த இடம் உருகிவிடும், ஆகவே வேலை முடியும்வரை மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டாம். இரும்புச் சத்துள்ள கிணற்றுத் தண்ணீர் சொட்டும் குழாயின் கீழே செம்மஞ்சள் கோடு விழும். தேசிக்காய்ச் சாறு தடவிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போகும், சொட்டுவதை நிறுத்தாவிட்டால் திரும்ப வரும்.

இறங்கப்போவது யார்

அம்மம்மா இருக்கிற வீட்டில் டப்பின் விளிம்பு தரையிலிருந்து 15, 16 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தனியே நிற்கும் டப்புகள் 23 அங்குலம் வரை உயரும். சேலை, சாரத்தோடு ஈரக் காலில் அதைத் தாண்டுவது இளம் ஆட்களுக்கே வில்லங்கம். படி வைத்தால் சரியாகும் என்பார்கள்; உள்ளே இறங்கும்போது சரி, வெளியே வரும்போது கால் படியைத் தேடும். கைபிடிக் கம்பியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் மாட்டுங்கள். உள்ளே கோறையான சீமெந்துக் கல்லுச் சுவரில் அது பிடிக்காது. டைல் ஒட்ட முன்னரே அந்த இடத்துக் கல்லின் துளைகளைக் கொங்கிரீட்டால் நிரப்பி வையுங்கள்.

எண்ணெய் முழுக்கு டப்பில் வேண்டாம், பக்கத்தில் தரையிலேயே குளியுங்கள். எண்ணெய் பட்ட அக்ரிலிக்கில் கால் நிற்காது. தொழுகைக்கு வுளூ எடுக்கிறவர்கள் உள்ள வீட்டில் டப்போடு சேராமல் தாழ்வான தனிக் குழாய் ஒன்றும் வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ளவர்தான் அதிகம் பாவிப்பார் என்றால் டப்பை விட்டுவிட்டு, இருக்கையோடு படியில்லாத ஷவர் இடம் கட்டுவதே புத்தி.

தண்ணீர் வெட்டுக் காலத்துக்கு டப்பில் நிறைத்து வைக்கும் எண்ணம் இருந்தால் மூடி செய்து வையுங்கள். டெங்கு நுளம்பு ஒரு கிழமைக்குள் அதில் பெருகும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் நிறைத்து வைக்கவே வேண்டாம்.

பொருத்தும்போது

முதலில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. முதல் கை ஒரு பக்கமாக, இரண்டாவது கை அதற்குக் குறுக்காக. டப்பைச் சுற்றிய சுவர்களில் 6 அடி வரை, மற்றச் சுவர்களில் ஓர் அடி. காய்ந்த பின் தரைத் துவாரத்தை அடைத்து 2 அங்குலத் தண்ணீர் கட்டி 24 மணித்தியாலம் விடுங்கள். மேல்மாடி என்றால் கீழே போய், தட்டின் அடியில் கசிகிறதா என்று பாருங்கள்.

டப்பின் கால்களைத் திருகி, நீர்மட்டம் வைத்து நான்கு பக்கமும் சமப்படுத்துங்கள். சரிவு டப்புக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். துவாரத்தின் பக்கம் இன்னும் சரித்து வைத்தால் மற்ற மூலையின் விளிம்பில் தண்ணீர் தேங்கும். அக்ரிலிக் டப்பின் வயிற்றுக்கு அடியில் இளக்கமான சாந்தைக் குவித்து, அதன்மேல் டப்பை அமர்த்தினால் மிதிக்கும்போது அமுங்காது. முன்பக்கத்தை டைலால் மூடும்போது, நீரடைப்புக்கு நேரே ஓர் அடிச் சதுரத்தில் கழற்றக்கூடிய கதவு ஒன்றை மறக்காமல் விடச் சொல்லுங்கள். மேசன்மார் அழகைப் பார்த்து அதை மூடிவிடுவார்கள், பிறகு ஒரு வளையம் கசிந்தாலும் டைலை உடைக்க வேண்டி வரும். அந்தக் கதவைச் சுற்றி இடைவெளி இல்லாமல் இருக்கட்டும், எலி கூடு கட்டும்.

மூட முன்னர் டப்பை மேல்துவாரத்தால் வழியும் வரைக்கும் நிரப்புங்கள். வழியும்போது பின்பக்க இணைப்பை வெறும் கையால் தடவிப் பாருங்கள். பிறகு அடைப்பைப் பிடுங்கி, நீரடைப்பின் ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் துடையுங்கள். கடதாசி நனைந்தால் அந்த மூட்டைத் திரும்பப் பூட்ட வேண்டும்.

கடைசியாக, டப்பின் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே சிலிக்கோன். வெறும் டப்பில் பூசினால், தண்ணீரும் ஆளும் ஏறும்போது டப் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே இறங்கி, பூச்சு சுவரிலிருந்து உரிந்துவிடும். டப்பை முழுதாக நிரப்பி, இடைவெளி விரிந்து நிற்கும்போதே பூசி, அந்தத் தண்ணீரை 24 மணித்தியாலம் அப்படியே விட்டுத்தான் திறக்க வேண்டும். பிளம்பருக்கு அன்றைக்கே போக அவசரமாக இருக்கும். மிச்சக் காசை அடுத்த நாள் தண்ணீர் திறந்த பிறகு கொடுங்கள்.